ஆட்டுப்பாலும் மாட்டின் அளவுகோலும்

ஒரு மில்லிலிட்டர் பாலில் 12 லட்சம் செல்கள் இருப்பதாக ஆய்வகத்திலிருந்து அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பசும்பால் என்றால் கால்நடை மருத்துவர் அதிகம் யோசிக்க மாட்டார். நலமான பசுவின் பாலில் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கும் குறைவான செல்களே இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினாலே மடிக்குள் கிருமி புகுந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 12 லட்சம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதே அறிக்கை, குட்டி போட்டு எட்டு மாதமான ஒரு வெள்ளாட்டின் பாலுக்கு வந்திருந்தால் அவரால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஆட்டின் மடியில் நோய் இருக்கலாம். ஒரு கிருமிகூட இல்லாமல் அது நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கவும் செய்யலாம். நோயில்லாத ஆடுகளின் பாலிலேயே மில்லிலிட்டருக்கு 2.7 லட்சம் முதல் 20 லட்சம் வரை செல்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பால் அறிவியல் பெரும்பாலும் பசுவை வைத்து வளர்ந்தது. கருவிகள், வரம்புகள், சட்டங்கள் எல்லாமே முதலில் பசுவுக்காக உருவாகி, பிறகு ஆட்டின் மேல் ஏற்றப்பட்டன. அந்த அளவுகோலால் அளந்தபோது நல்ல ஆடுகள் நோயாளிகளாகத் தெரிந்தன. நோயுற்ற ஆடுகள் நல்லவற்றோடு கலந்து மறைந்துபோயின. செல்களை எண்ணுவதோடு நிற்காமல், பாலில் கலந்திருக்கும் புரதங்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு வலு வந்தது இந்த முட்டுச்சந்தில்தான்.

மடிநோய் என்றதும் கண்ணில் படுவது அதன் கொடூரமான வடிவம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சில ஆடுகளில் மடியை அழுகவைத்துவிடும். அது வெளியிடும் நச்சு ரத்தக் குழாய்களைச் சிதைக்க, மடி சில்லிட்டு, நீலமாகி, கறுத்து, சில சமயம் துண்டாக விழுந்தும் விடும். ஆட்டை வளர்ப்பவருக்கு அதை அடையாளம் காண எந்தச் சோதனையும் தேவைப்படாது. உண்மையில் மந்தையை அரித்துக்கொண்டிருப்பது மறைமுக மடிநோய். மடியில் வீக்கமில்லை, சூடில்லை; பாலில் திரியில்லை, நிறம் மாறவில்லை. உள்ளே மட்டும் கிருமி தங்கியிருக்கும். ஆடுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் குடும்பத்தின் சாதுவான உறுப்பினர்கள்: கேப்ரே, எபிடெர்மிடிஸ், சிமுலன்ஸ், சைலோசஸ் போன்ற இனங்கள். இவை தோலிலும் காம்பிலும் குடியிருப்பவை. ஆட்டைக் கொல்வதில்லை, ஆனால் பாலைக் குறைக்கின்றன. பாலின் முக்கியப் புரதமான கேசினை உடைக்கும் நொதிகள் அந்த மடியில் அதிகமாகின்றன. பிரான்சிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆட்டுப்பாலில் பெரும்பங்கு சீஸ் ஆகிறது. கேசின் உடைந்த பால் சரியாக உறையாது. உறைந்தாலும் தயிர்க்கட்டி இறுகாது. அதே அளவு பாலில் கிடைக்கும் சீஸ் குறையும். பண்ணையாளருக்கு இழப்பு தெரியும், எந்த ஆட்டால் என்று தெரியாது.

பசுவில் இப்படி ஒளிந்திருக்கும் நோயாளியைப் பிடிக்க 1957 முதல் ஓர் எளிய வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் ஷாம், நூர்லேண்டர் என்ற இருவர் உருவாக்கிய சோதனை அது. இன்றும் உலகம் முழுக்க கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்ற பெயரிலேயே நடக்கிறது. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று, அதில் ஆழமில்லாத நான்கு கிண்ணங்கள், பசுவின் நான்கு காம்புகளுக்கு ஒன்றாக. முதல் பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, அடுத்ததை ஒவ்வொரு கிண்ணத்திலும் கொஞ்சம் பீய்ச்ச வேண்டும். பாலின் அளவுக்குச் சமமாக ஊதா நிறச் சோதனைக் கரைசலை ஊற்றி, தட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டும். கரைசலில் இருப்பது அடிப்படையில் ஒரு சலவைப்பொருள். அது செல்களின் சவ்வைக் கரைத்து, உள்ளிருக்கும் டிஎன்ஏவை வெளியே கொட்டவைக்கும். நீண்ட இழைகளான டிஎன்ஏ ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். செல்கள் குறைவென்றால் கலவை தண்ணீர்போலவே ஓடும். அதிகமென்றால் பத்துப் பதினைந்து நொடியில் கொழகொழப்பு தெரியும். மிக அதிகமென்றால் கிண்ணத்தின் நடுவில் குவிந்து, தட்டைச் சாய்த்தாலும் மொத்தமாக வழுக்கி விழும். பார்த்தவர் மறக்க முடியாத மாற்றம் அது. ஆட்டுக்கு இரண்டு காம்புகள்தான் என்பதால் தட்டில் இரண்டு கிண்ணங்கள் காலியாக இருக்கும்.

ஆட்டில் இந்தச் சோதனை ஏன் தடுமாறுகிறது என்பதற்கு, ஆட்டின் மடி பால் சுரக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். பசுவின் சுரப்புச் செல்லிலிருந்து பால் வெளியேறும்போது செல் பெரும்பாலும் முழுதாகவே நிற்கும். ஆட்டில் செல்லின் நுனிப்பகுதி அவ்வப்போது கிள்ளி எடுத்ததுபோல் பிரிந்து பாலோடு சேர்ந்துவிடுகிறது. இப்படி உதிர்ந்த துணுக்குகள் ஒரு மில்லிலிட்டர் ஆட்டுப்பாலில் சராசரியாக ஒன்றரை லட்சம் இருக்கும். செம்மறியின் பாலில் அதில் பத்தில் ஒரு பங்குதான். அளவில் இவை வெள்ளையணுக்களை ஒத்தவை. உருவத்தை மட்டும் பார்த்து எண்ணும் கருவி இவற்றையும் செல்கள் என்றே கணக்கில் சேர்த்துவிடும். ஆனால் இவற்றுக்குள் உட்கரு கிடையாது, டிஎன்ஏவும் கிடையாது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் மேக்ஸ் பாப்பேயும் அவரது சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்கள்: ஆட்டுப்பாலை எண்ணுவதானால் டிஎன்ஏவைச் சாயமேற்றித்தான் எண்ண வேண்டும். இன்று பெரிய ஆய்வகங்களின் கருவிகள் அப்படித்தான் எண்ணுகின்றன. ஊதாக் கரைசலும் டிஎன்ஏவோடுதான் வினைபுரிகிறது என்பதால் துணுக்குகள் அதை ஏமாற்றுவதில்லை.

ஆகவே துணுக்குச் சிக்கலுக்கு விடை கிடைத்துவிட்டது. அடுத்த சிக்கல் அவ்வளவு சுலபமாக விடவில்லை. நலமான பசுவின் பாலில் இருக்கும் வெள்ளையணுக்களில் பெரும்பாலானவை மேக்ரோஃபேஜ் வகை, காவல் சுற்றுபவை. கிருமி வந்தபின் படையெடுத்து வருபவை நியூட்ரோபில்கள். பசுவின் பாலில் நியூட்ரோபில் மிகுந்தாலே உள்ளே சண்டை நடக்கிறது என்று பொருள். ஆட்டிலோ நோயில்லாத மடியிலிருந்து வரும் பாலிலும் செல்களில் ஏறத்தாழ பாதி, சமயத்தில் அதற்கும் மேல், நியூட்ரோபில்களாகவே இருக்கின்றன. கறவைக் காலம் முடிவை நெருங்க நெருங்க அவை இன்னும் பெருகும். ஆடு பருவத்துக்கு வந்தால் கூடும், வயதாக ஆக, ஈற்று ஏற ஏற, கூடும். கிருமியே இல்லாத ஆட்டுப்பாலிலும் நியூட்ரோபில்களை ஈர்க்கும் பொருள் இருப்பதை 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதாவது அவை யாரும் கூப்பிடாமல் வருவதில்லை. ஆட்டின் உடலே அவற்றைக் கூப்பிடுகிறது. பால் வற்றப்போகும் மடியைத் துப்புரவு செய்ய உடல் முன்கூட்டியே ஆட்களை அனுப்புகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணினால் வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். வந்திருப்பது கல்யாணத்துக்கா, கேதத்துக்கா என்று செருப்பு சொல்லாது. ஆட்டுப்பாலில் செல் எண்ணிக்கை அந்த நிலையில்தான் நிற்கிறது. சட்டங்களும் இந்தக் குழப்பத்தை அப்படியே காட்டுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் பசும்பாலுக்கு மில்லிலிட்டருக்கு 4 லட்சம் என்று வரம்பு வைத்திருக்கிறது; ஆட்டுப்பாலுக்குச் செல் வரம்பே வைக்கவில்லை. அமெரிக்காவில் பசுவுக்கு ஏழரை லட்சம், ஆட்டுக்கு 15 லட்சம்.

எத்தனை பேர் என்ற கேள்வியை விட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் என்ன? புரதங்களைத் தேடிப் போனவர்கள் கேட்டது அதைத்தான். மடிக்குள் அழற்சி தொடங்கினால் பாலின் புரதக் கலவை மாறும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. மாறும் புரதங்கள் மூன்று வழிகளில் வருகின்றன. சுரப்புச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளரும்போது ரத்தத்தின் அல்புமின் பாலுக்குள் கசிகிறது. மடியின் செல்களே சில புரதங்களைக் கூடுதலாகத் தயாரிக்கின்றன: கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் பூட்டிவைக்கும் லாக்டோஃபெரின், சீரம் அமைலாய்டு ஏ புரதத்தின் மடிக்கே உரிய வடிவம் போன்றவை. கல்லீரலில் பெருமளவு உருவாகும் ஹேப்டோகுளோபின் ரத்தத்தின் வழியாகவும் வரும், மடியிலேயும் உருவாகும். மூன்றாவதாக, படையெடுத்து வரும் நியூட்ரோபில்கள் தங்கள் துகள்களில் சுமந்துவரும் ஆயுதங்கள்.

இவற்றில் எதைச் சாட்சியாக நம்புவது என்று பார்க்கும்போது ஆடு மறுபடியும் குறுக்கே நிற்கிறது. கறவை முடியும் காலத்தில் மடி சுருங்கத் தொடங்கும்போது, நோயில்லாமலே செல் இணைப்புகள் தளர்கின்றன. அல்புமின் தானாகவே கசியும். லாக்டோஃபெரினோ மடி வற்றும்போது பல மடங்கு ஏறும் புரதம். இரண்டுமே எட்டாம் மாதத்து ஆட்டில் செல் எண்ணிக்கை தரும் குழப்பத்தையே வேறு வழியில் தரக்கூடியவை. அதனால்தான் ஆய்வாளர்களின் கண் மூன்றாவது வகையின் மேல், அதிலும் கேத்தலிசிடின் என்ற குடும்பத்தின் மேல் விழுந்தது.

கேத்தலிசிடின்கள் உடல் தானே செய்துகொள்ளும் கிருமிக்கொல்லிகள். 1995-இல் இத்தாலியர்களான ஸனெட்டி, ஜென்னாரோ, ரோமியோ ஆகிய மூவரும் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். மனிதனுக்கு இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு புரதம்தான் உண்டு. மாடு, செம்மறி, வெள்ளாடு போன்ற அசைபோடும் விலங்குகளிடம் ஒரு தொகுதியே இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதி குடும்பத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. மறு பகுதிதான் ஆயுதம். அது ஒவ்வொன்றிலும் வேறு வேறு. நியூட்ரோபிலின் துகள்களுக்குள் இரண்டும் ஒட்டியபடி, செயலற்றுக் காத்திருக்கும். கிருமியைச் சந்தித்ததும் நியூட்ரோபில் துகள்களைக் காலி செய்ய, ஒரு நொதி இரண்டையும் வெட்டிப் பிரிக்கும். விடுபட்ட ஆயுதம் நேர்மின்னேற்றம் மிகுந்தது. எதிர்மின்னேற்றம் கொண்ட பாக்டீரியச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். சில சவ்வைத் துளைத்துக் கொல்லும். புரோலின் மிகுந்த சில, சவ்வைக் கிழிக்காமலே உள்ளே நுழைந்து, பாக்டீரியா புரதம் தயாரிக்கும் ரைபோசோமையே முடக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறு இவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சோதனை செய்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. குடும்பத்துக்குப் பொதுவான அந்த முதல் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றைச் செய்துவிட்டால், ஆயுதம் எந்த வகையாக இருந்தாலும் குடும்பம் முழுவதையும் ஒரே வலையில் பிடித்துவிடலாம். விலங்கு செம்மறியானாலும் வெள்ளாடானாலும் பசுவானாலும் வலை ஒன்றே போதும்.

இந்த வலையைப் பின்னியது சார்டினியாத் தீவில். பெக்கோரினோ ரொமானோ என்ற செம்மறி ஆட்டுச் சீஸில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. மைக்கோபிளாஸ்மா அகலாக்டியே என்ற கிருமியால் வரும் ஒரு தொற்றுநோயும் அங்கே நெடுங்காலமாகத் தொல்லை கொடுத்துவருகிறது. ஆடுகளின் பாலையே நிறுத்திவிடும் நோய் அது. அல்கேரோ நகருக்கு அருகிலுள்ள போர்ட்டோ கோன்டே ஆய்வு மையத்தில் மரியா ஃபிலிப்பா அடிஸும் அவரது குழுவினரும் நோயுற்ற செம்மறிகளின் பாலிலிருந்த புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் கண்டார்கள். சொல்வது சுலபம். பாலில் கேசின் நிறைந்து கிடக்கும். அதன் நடுவே மிகச் சிறிய அளவில் இருக்கும் புரதங்களைத் தேடுவது கடினமான வேலை. நோயுற்ற பாலில் தனித்து உயர்ந்து நின்றவற்றில் முக்கியமானவை கேத்தலிசிடின்கள். நியூட்ரோபில்கள் மட்டுமல்ல, மடியின் சுரப்புச் செல்களும் நோயின்போது இவற்றைத் தயாரிக்கின்றன என்பதையும் அவர்கள் பின்னர் காட்டினார்கள். இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. கேத்தலிசிடின், நியூட்ரோபில் எண்ணிக்கையின் வெறும் நிழலாக மட்டும் இருக்காது என்ற நம்பிக்கைக்கு அதுவே அடிப்படை.

சோதனையின் வடிவம் எலைசா. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கேத்தலிசிடினைப் பிடிக்கும் ஆன்டிபாடி பூசப்பட்டிருக்கும். ஒரு குழிக்கு ஓர் ஆட்டின் பால், சில துளிகள். பிடிபட்ட புரதம் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவும்போது போய்விடும். பிறகு, நொதி கட்டப்பட்ட இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றினால் அது புரதத்தின் மறுபுறம் ஒட்டும். மறுபடி கழுவி, நிறமற்ற ஒரு திரவத்தை விட்டால் நொதி அதை நீலமாக்கும். அமிலம் சேர்த்து வினையை நிறுத்தியதும் நீலம் மஞ்சளாகும். வரிசை வரிசையாகச் சில குழிகள் அடர்மஞ்சள், சில வெளிர்மஞ்சள், சில தண்ணீர் நிறம். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி ஒளியைச் செலுத்தி எண்ணாக்கித் தரும்.

செம்மறியில் நல்ல பலன் தந்த இந்தச் சோதனை வெள்ளாட்டில் எப்படி இருக்கும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் பார்த்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மந்தையின் 37 ஆல்பைன் ஆடுகள். ஒரு கறவைக் காலம் முழுவதும் இடைவெளி விட்டு, மடியின் இரண்டு பாதிகளிலிருந்தும் தனித்தனியாக எடுத்த 360 பால் மாதிரிகள். ஒவ்வொன்றிலும் செல் எண்ணிக்கை, கேத்தலிசிடின், கூடவே கிருமி வளர்ப்புச் சோதனை. கிருமி வளர்ந்தது 21 மாதிரிகளில் மட்டும். அதில் 20 அந்தச் சாதுவான ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள், ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

அந்த 21-இல் கேத்தலிசிடின் சோதனை 18-ஐப் பிடித்தது. 5 லட்சம் செல் என்று கோடு போட்டால் பிடிபட்டவை 15. கோட்டை 10 லட்சத்துக்கு ஏற்றினால் வெறும் 5. அதாவது 10 லட்சம் என்ற வரம்பு, கிருமி இருந்த 16 மாதிரிகளை நலம் என்று அனுப்பிவைத்திருக்கும். நோயைப் பிடிப்பதில் புரதம் வென்றது, சந்தேகமில்லை. கறவையின் இறுதியிலும் அது ஓரளவு நிதானமாக நடந்துகொண்டது: செல் எண்ணிக்கை 7.64 மடங்கு ஏறிய இடத்தில் கேத்தலிசிடின் 5.05 மடங்கு ஏறியது.

அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். கிருமி வளராத 339 மாதிரிகளில் கேத்தலிசிடின் சரியாக நலம் என்று சொன்னது 40.41 சதவீதத்தை மட்டுமே. 5 லட்சம் செல் வரம்பு 54.57 சதவீதம், 10 லட்சம் 67.85 சதவீதம். சதவீதத்தை ஆடுகளின் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். கேத்தலிசிடின் சோதனை விரலை நீட்டியது மொத்தம் 220 மாதிரிகளின் மேல்; அவற்றில் கிருமி இருந்தவை 18. பண்ணையாளர் அந்த விரலை நம்பி மருந்து போட்டால், பன்னிரண்டில் ஒன்றுக்குத்தான் அது தேவைப்பட்டிருக்கும்.

கிருமி வளராத மீதி 202-ம் தவறு என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. கிருமி வளர்ப்புச் சோதனை கடவுள் வாக்கு அல்ல. சில கிருமிகள் விட்டுவிட்டுத்தான் பாலில் வெளிப்படும். சில தட்டில் வளரவே மறுக்கும். கிருமி அழிந்த பிறகும் அழற்சி சில நாட்கள் நீடிக்கும். மூட்டுகளையும் மூளையையும் தாக்கும் ஆட்டு வைரஸ் ஒன்று மடியையும் கல்லாக்கும். பாக்டீரியத் தட்டில் அது தென்படாது. இத்தனையையும் கழித்தாலும், 202 மிகப் பெரிய எண். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கேத்தலிசிடினைப் பெருமளவில் சுமந்துவருவது நியூட்ரோபில்தான். நோயில்லாமலே நியூட்ரோபில் வரும் விலங்கில், அதன் சரக்கும் கூடவே வரும். செல் எண்ணிக்கையும் கேத்தலிசிடினும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நடக்கின்றன என்பதை அளந்தபோது தொடர்பெண் 0.72 என்று வந்ததே அதற்குச் சான்று.

அப்படியானால் இந்தச் சோதனை வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அது ‘உண்டு’ என்னும்போது சந்தேகப்படலாம். ‘இல்லை’ என்னும்போது பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று அது சொன்ன மாதிரிகள் 140. அவற்றில் கிருமி இருந்தவை 3 மட்டும். இந்த ‘இல்லை’க்கு இன்று ஐரோப்பாவில் தனி மதிப்பு வந்திருக்கிறது. கறவை முடிந்து மடி வற்றும் சமயத்தில், மந்தையின் எல்லா விலங்குகளுக்கும் மடிக்குள் ஆன்டிபயாடிக் செலுத்திவிடுவது பல பண்ணைகளில் நெடுநாள் வழக்கம். 2022 ஜனவரி 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அந்தக் கண்மூடித்தனமான வழக்கத்தை நிறுத்திவிட்டது. மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிய பாக்டீரியாக்கள் மனிதர்களையும் கொன்றுகொண்டிருக்கும் காலத்தில், இது தாமதமாக வந்த நல்ல சட்டம் என்பது என் உறுதியான கருத்து. இனி எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று காரணத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையில்லாத ஆடுகளை நிம்மதியாக ஒதுக்கிவைக்க உதவும் சோதனை எதுவானாலும் அது ஆன்டிபயாடிக்கை மிச்சப்படுத்தும்.

சங்கடம் என்னவென்றால், அந்த முடிவை எடுக்க வேண்டிய நாள் கறவையின் கடைசி நாள். புரதமும் செல்லும் நோயில்லாமலே உச்சத்தில் இருக்கும் நாளும் அதுதான். கறவையின் நடுப்பகுதியில் 0.83 ஆக இருந்த தொடர்பெண், இறுதியில் 0.61-க்குச் சரிந்துவிடுகிறது, இரண்டு சாட்சிகளும் அப்போதுதான் அதிகமாக முரண்படுகிறார்கள். எது உண்மை சொல்கிறது என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. கறவையின் தொடக்கத்துக்கு ஒரு வரம்பு, இறுதிக்கு வேறு வரம்பு, தலையீற்று ஆட்டுக்கு ஒன்று, பல ஈற்று கண்ட ஆட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைக்க வேண்டும் என்பது நியாயமான வழியாகத் தெரிகிறது. அதற்கு ஒரு மந்தை போதாது. பல இனங்கள், பல நாடுகள், ஆயிரக்கணக்கான மாதிரிகள் தேவை.

கேத்தலிசிடினோடு வேறொரு புரதத்தையும் சேர்த்துக் கேட்பது இன்னொரு வழி. ஹேப்டோகுளோபினும் சீரம் அமைலாய்டு ஏ-யும் நியூட்ரோபிலின் சரக்கு மட்டும் அல்ல. கல்லீரலும் மடியும் ஆபத்தை உணர்ந்த பிறகு அனுப்புபவை. நியூட்ரோபில் வந்திருக்கிறது என்று ஒன்று சொல்ல, ஆபத்து என்று உடலும் ஒப்புக்கொள்கிறது என்று மற்றொன்று சொன்னால், இரண்டும் சேர்ந்த சொல்லுக்கு எடை கூடும். பால் முழுவதன் புரதப் பட்டியலை நிறமாலைக் கருவியில் வாசிக்கும் ஆய்வுகள், நோயுற்ற பாதிக்கும் நோயற்ற பாதிக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைத்தான் இப்போது தோண்டிக்கொண்டிருக்கின்றன.

உலகில் ஆட்டுப்பால் உற்பத்தியில் முதலிடம் இந்தியாவுக்கு. ஆனால் இங்கே ஆடு கறப்பவரின் வாசலுக்கு எலைசா தட்டு இப்போதைக்கு வரப்போவதில்லை. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஜமுனாபாரி, பார்பரி, ஜக்ரானா போன்ற இனங்களைப் பாலுக்காக வளர்ப்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது சில ஆடுகள்தான். நம் ஊரில் கன்னி ஆடும் கொடி ஆடும் சேலம் கருப்பும் இறைச்சிக்காக வளர்பவை, பால் குட்டிக்கு. மறைமுக மடிநோய் இங்கே சீஸின் எடையில் தெரியாது. இரட்டைக் குட்டிகளில் ஒன்று தேறாமல் போவதில் தெரியும். பால் போதவில்லை என்று தாயைக் குறை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கு, இத்தாலிய ஆய்வு மாதிரிகளை எடுத்த முறையிலேயே ஒரு கருவி ஒளிந்திருக்கிறது. ஆட்டின் மடி இரண்டு பாதி, நடுவே தடுப்பு, ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது. கறவையின் எத்தனையாவது மாதம், எத்தனையாவது ஈற்று, பருவத்துக்கு வந்திருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு பாதியையும் ஒன்றுபோலவே பாதிக்கும். கிருமி பெரும்பாலும் ஒரு காம்பின் வழியாக ஒரு பாதிக்குள் நுழையும். ஆகவே ஊதாக் கரைசலை இரண்டு கிண்ணத்திலும் ஊற்றிச் சுழற்றும்போது, எவ்வளவு கொழகொழப்பு என்று பார்ப்பதைவிட இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பது ஆட்டில் அதிகப் பலன் தரும். இரண்டும் லேசாகக் கெட்டியானால், கறவையின் முடிவில் அது ஆட்டின் இயல்பாக இருக்கக்கூடும். ஒன்று தண்ணீராக ஓட, மற்றொன்று குவிந்து வழுக்கினால் அந்தக் காம்பைச் சந்தேகிக்கலாம். அந்தப் பாதியின் பாலை மட்டும் சுத்தமான குப்பியில் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இரண்டு பாதியிலும் கிருமி புகுந்திருந்தால் இந்த ஒப்பீடு கைவிட்டுவிடும். அப்போதுதான் புரதச் சோதனைகள் தேவைப்படும். அவை எலைசா தட்டை விட்டு இறங்கி, கறக்கும் இடத்திலேயே பாலில் தோய்த்துப் பார்க்கும் பட்டையாக வரும்போது, இரண்டு காம்புக்கும் தனித்தனியாக ஒரு பட்டை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்; தனித்தனியாகப் பார்க்கும் அந்த வழக்கத்தை ஆடு வளர்ப்பவர் இன்றே கிண்ணத்தில் பழகிக்கொள்ளலாம்.